ஐந்து கட்டை இருந்த இடம்

சேசு மரி சூசை துணை

ஏழுகிணறு, சென்னை
12-1-1967

அன்புள்ள சூசை அக்காவுக்கு, தம்பி யேசுராஜ் எழுதுவது.

நான் சுகம். முதுகு மட்டும் சுகமில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஆர்மோனியப் பெட்டிமுன் குனிந்து உட்கார்ந்ததற்கு அதுதான் கிடைத்த மெடல். நீயும் மாமாவும் சுகம்தானே? மாமாவுக்குப் பல்லாவரம் தோல் ஷெட்டில் இன்னும் நைட் ஷிப்ட்தானா?

ஒரு நல்ல செய்தி. எங்கள் கம்பெனியின் அடுத்த நாடகம் 'கடல்நாட்டு இளவரசன்'. பாட்டுகள் பதினாறு. பதினாறுக்கும் மெட்டு நான்தான். இதுவரை பழைய மெட்டுகளில் புது வார்த்தையைப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். ஒரு நாடகம் முழுவதையும் என் கையில் கொடுப்பது இதுதான் முதல் தடவை. முதலாளி பரசுராமனிடம், நோட்டீஸில் என் பெயர் வருமா என்று கேட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே, "இருபத்தஞ்சு ஆட்டம் ஓடட்டும், அப்பால பாக்கலாம். நோட்டீஸ்ல எடம் இருந்தா போடறேன்" என்றார். உடை தைப்பவர் பெயர் வந்திருக்கிறது, சீன் படுதா எழுதுபவர் பெயர் வந்திருக்கிறது, சோடாக் கடை விளம்பரம்கூட வந்திருக்கிறது. என் பெயர் ஒரு தடவையும் வந்ததில்லை. இந்தத் தடவை வந்தே ஆக வேண்டும் அக்கா.

நோட்டீஸில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது கதாநாயகன் வேஷம் கட்டும் எங்கள் ராஜபார்ட். 'ஐந்து கட்டைத் தாண்டவராயன்' என்று கொட்டை எழுத்தில் பாதித் தாள் போய்விடும். பெட்டியின் ஐந்தாவது வெள்ளைக் கட்டையைச் சுருதியாக வைத்து, மைக் இல்லாமல் கடைசி பெஞ்சுவரை பாடியவர். அந்த உயரத்தில் பாட ஊரில் வேறு ஆள் கிடையாது. இப்போது வயது ஐம்பத்தாறு. போன தீபாவளியிலிருந்து குரல் மூன்று கட்டைக்கு மேல் ஏறவில்லை. ஏற்றினால் கிழிகிறது. அவரிடம் இதை யார் சொல்வது?

சொல்லாமலே ஒரு வழி செய்துவிட்டேன். மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய பெட்டி பிடித்தேன். அடியில் ஒரு விசை. திருகினால் கட்டைப் பலகை முழுவதும் நகரும். என் விரல் ஐந்தாம் கட்டையில் இருக்கும், சத்தம் மூன்றாம் கட்டையில் வரும். தாண்டவராயன் அண்ணன் மேடைக்கு வந்ததும் முதலில் பார்ப்பது என் விரலைத்தான். ஐந்தில் இருப்பதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, சுகமாகப் பாடுகிறார். மிருதங்கம் வரதுவுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் மிருதங்கத்தை மூன்றுக்குச் சுருதி கூட்டியாக வேண்டுமே. அவர் நம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூர்க்காரர், வாயைத் திறக்க மாட்டார். நீயும் திறக்காதே.

உன் பிரியமுள்ள தம்பி,
யேசுராஜ்


சேசு மரி சூசை துணை

சேரப்பணஞ்சேரி
22-1-1967

அன்புத் தம்பி யேசுவுக்கு அக்காவின் ஆசீர்.

இங்கே எல்லோரும் சுகம். மாமாவுக்கு டே ஷிப்ட் மாறிவிட்டது. அதனால் இப்போது குறட்டை இரவில்தான். உன் முதுகுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொண்டு போ. பஸ் படப்பை வரை வருகிறது, உனக்குத்தான் நேரம் வருவதில்லை.

பதினாறு பாட்டுச் செய்தியை மூன்று தடவை படித்தேன். பதினேழு வயசில் பூசைப் பாட்டை நாடக மெட்டில் வாசித்து, பழைய சாமியாரிடம் பிரம்படி வாங்கினவன் நீ. அந்த வருஷத் திருவிழா முடிந்ததும் நாடகக்காரர்கள் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து போய்விட்டாய். அப்பா படப்பை வரை தேடிப் போய்விட்டுத் திரும்பி, "போறான் வுடு, அவன் காது அங்கதான் கீது" என்றார். அவர் இருந்து உன் பெயரை நோட்டீஸில் பார்த்திருக்க வேண்டும். சரி, நான் பார்க்கிறேன். எனக்குக் கண்ணாடி போட்டாகிவிட்டது.

ஆனால் அந்த விசைப் பெட்டி சமாசாரம் எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு வந்து உன் கடிதத்தைப் படித்தால், என் சொந்தத் தம்பி பொய்யைத் திருகி வாசித்துக்கொண்டிருக்கிறான். பெரிய மனுஷனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்.

உன் அக்கா,
சூசையம்மாள்


சேசு மரி சூசை துணை

ஏழுகிணறு, சென்னை
9-3-1967

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரம் கடிதம் போடவில்லை என்று நீ திட்டியிருப்பாய். அந்தத் திட்டுக்கு எனக்கு இரண்டு தடவை விக்கல் வந்தது. எலெக்‌ஷன் கூட்டங்கள் முடிந்து மேடை காலியாகும்வரை காத்திருந்து, போன மாதக் கடைசியில் நாடகம் ஏறிவிட்டது. நான்கு ஆட்டம் முடிந்தது. இளவரசன் படகில் பாடும் பாட்டுக்குத் தினமும் ஒன்ஸ்மோர். நேற்று மூன்று தடவை பாட வைத்தார்கள். படகைத் தள்ளுகிற ஆள் தள்ளித் தள்ளிக் கை ஓய்ந்துபோனார்.

அண்ணனிடம் உண்மையைச் சொல் என்றாய். சொல்லத்தான் போனேன். அவர் கண்ணாடிமுன் மீசை ஒட்டிக்கொண்டு, "இந்த வயசுலயும் அஞ்சுல நிக்குது பாத்தியா தம்பி, எல்லாம் உன் மெட்டு செய்யற வேலை" என்றார். மை அடித்த மீசையும் அந்தச் சிரிப்பும். பசைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அஞ்சு கட்டைன்ற பேர் இருக்கிறவரிக்கும்தான் கூட்டம். அது போச்சுன்னா சினிமால பாடற பையனை இட்டாந்து ரெக்கார்டு போட்டு ஓட்டிடுவேன்" என்றார். அப்படி நடந்தால் அண்ணனும் இல்லை, பெட்டியும் இல்லை, நானும் இல்லை. இப்போது சொல், விசையைத் திருகுவதா வேண்டாமா?

தைலத்தை எடுத்து வை, வருகிறேன்.

உன் தம்பி,
யேசுராஜ்


சேசு மரி சூசை துணை

சேரப்பணஞ்சேரி
2-4-1967

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். வெயில்தான் இப்போதே தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஏரி பாதியாக வற்றிவிட்டது, மீன் மலிவு.

இனி நீ வர வேண்டாம், உன் கம்பெனியே வருகிறது. ஜூன் மாதத் திருவிழாவுக்கு என்ன நிகழ்ச்சி வைக்கலாம் என்று ஊர்க் கூட்டம் நடந்தது. நான் எழுந்து, என் தம்பியின் நாடகத்தைப் போடுங்கள் என்றேன். நாட்டாமை லாசர், "ராஜபார்ட் எப்படிப் பாடுவாரு?" என்று கேட்டார். "ஐந்து கட்டை" என்று ஒரே போடாகப் போட்டேன். கூட்டமே வாயைப் பிளந்தது. முன்பணம் கொடுக்க மாமாவே போன வாரம் சென்னைக்கு வந்து உன் முதலாளியைப் பார்த்துவிட்டார். உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் வைத்திருந்தோம்.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்பு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்துக் கோயிலுக்கு ஆர்மோனியம் வாங்கினோம் அல்லவா? அதிலிருந்து ஊரில் ஒரு கட்டுப்பாடு. திருவிழா மேடையில் யார் பாடினாலும் கோயில் பெட்டியில்தான் வாசிக்க வேண்டும், வெளிப் பெட்டி ஏறக் கூடாது. அதில் நீயே வாசிக்கப் போகிறாய். நம் ஊர்ப் பெட்டி, நம் ஊர்ப் பிள்ளையின் கை.

அக்கா,
சூசையம்மாள்


சேசு மரி சூசை துணை

ஏழுகிணறு, சென்னை
8-4-1967

அக்கா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. என்ன காரியம் செய்தாய்?

கோயில் பெட்டியில் விசை கிடையாது. ஐந்தாம் கட்டையில் விரல் வைத்தால் நிஜமாகவே ஐந்து கட்டைதான் கேட்கும். உன் ஊர் ஜனங்கள் முன்னாலேயே அண்ணன் குரல் கிழியும். முதலாளி வேறு கூட வருகிறார். விரலை மூன்றாம் கட்டைக்கு மாற்றி வாசித்தால் குரல் பிழைக்கும். ஆனால் அண்ணன் என் விரலைப் பார்ப்பார். இத்தனை நாள் ஏமாற்றினேன் என்று அந்த இடத்திலேயே தெரிந்துபோகும். அந்த மனுஷர் அப்புறம் மேடை ஏற மாட்டார்.

வரதுவிடம் யோசனை கேட்டேன். "பெட்டியை பஸ்ஸுல கீழ போட்டுட்டேன்னு சொல்லிடேன்" என்கிறார். கோயில் பெட்டி எங்கே பஸ்ஸில் வருகிறது? பயத்தில் அவருக்கும் புத்தி கலங்கிவிட்டது.

லாசரிடம் பேசிக் கட்டுப்பாட்டைத் தளர்த்து. உடனே பதில் எழுது.

யேசுராஜ்


சேசு மரி சூசை துணை

சேரப்பணஞ்சேரி
14-4-1967

அன்புத் தம்பிக்கு,

சுகம் விசாரிக்காமல் கடிதம் எழுதும் அளவுக்கு உலகம் முழுகிப்போய்விடவில்லை. நாங்கள் சுகம். நீயும் சுகமாகத்தான் இருக்கப் போகிறாய்.

லாசர் தளர்த்த மாட்டார். அவர் வீட்டு அரிசியும் அந்தப் பெட்டியில் இருக்கிறது. அதனால் நான் வேறு வேலை செய்தேன். மாதா சுரூபத்துக்குப் போன வருஷம் வரை சாத்திய நீலப் பட்டு, கோயில் அலமாரியில் சும்மா கிடந்தது. திருவிழா மேடையில் கோயில் பெட்டியை மாதாவின் பட்டால் மூடித்தான் வாசிக்க வேண்டும், அதுதான் மரியாதை, கை பட்டுக்கு உள்ளேதான் போக வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். லாசர் ஏற இறங்கப் பார்த்தார். "போன வருசம் போத்தலியே டீச்சரம்மா?" என்றார். "அதனாலதான் போன வருஷம் மழை கொட்டி மேடை நனைஞ்சுது" என்றேன். எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டு சம்மதித்துவிட்டார்கள்.

உன் விரல் பட்டுக்கு உள்ளே எந்தக் கட்டையில் இருந்தால் யாருக்குத் தெரியும்? மூன்றில் வைத்து நிம்மதியாக வாசி.

பாவசங்கீர்த்தனத்தில் இதையும் ஒரு பாவமாகச் சொன்னேன். சாமியார் பரிகாரமாக 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் மூன்று சொல்லச் சொன்னார். கட்டைக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

அக்கா,
சூசையம்மாள்


சேசு மரி சூசை துணை

ஏழுகிணறு, சென்னை
20-6-1967

அன்புள்ள அக்காவுக்கு,

திருவிழா முடிந்து ஒரு வாரமாகியும் உன் மீன் குழம்பு கையில் மணக்கிறது. நான் சுகம். தைலம் போட்டதில் முதுகும் சுகம்.

நம் ஊர் கைதட்டலைப் போல ஒன்றை நான் சென்னையில் கேட்டதில்லை. பட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு, கண் தெரியாதவன் மாதிரி தடவித் தடவி மூன்றாம் கட்டையைப் பிடித்தேன். அண்ணன் வந்தார், என் கையைப் பார்த்தார், பட்டைப் பார்த்தார், தலையாட்டினார், பாடினார். படகுப் பாட்டுக்கு ஊரே எழுந்து நின்றது. லாசர் மேடை ஏறி மாலை போட்டு, "அஞ்சு கட்டைன்னா இதான்யா அஞ்சு கட்டை" என்றபோது வரது குனிந்து மிருதங்கத்தின் வாரைச் சரி செய்வதுபோல் பாவனை செய்தார். சிரிப்பை அடக்கத்தான்.

ஒரு சந்தேகம். திருவிழா அன்று மத்தியானம் உன் வீட்டில் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் பெட்டியைப் பார்க்கக் கோயிலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் நீ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாய். கேட்டதற்கு வெங்காயம் என்றாய். சாப்பாடு முடிந்த பிறகு என்ன வெங்காயம்? அவர் ஏதாவது சொன்னாரா? பஸ்ஸில் வரும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பி முனகிக்கொண்டே வந்தார், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உடனே எழுது.

உன் தம்பி,
யேசுராஜ்


சேசு மரி சூசை துணை

சேரப்பணஞ்சேரி
3-8-1967

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன். மாமாவுக்கு ஓ.டி. அதிகம், மற்றபடி சுகம். ஏரிக்கு இரண்டு மழைத் தண்ணீர் வந்திருக்கிறது. பட்டைத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன்.

வெங்காயம் சில சமயம் சாப்பாட்டுக்குப் பிறகும் கண்ணைக் கரிக்கும். அதற்கு மேல் கேட்காதே.

நீ மட்டும் பாட்டுகளை இப்போது போடுகிற மாதிரியே போட்டுக்கொண்டிரு. ஒன்றையும் குறைக்காதே.

அக்கா,
சூசையம்மாள்


சேசு மரி சூசை துணை

ஏழுகிணறு, சென்னை
6-11-1967

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சுகம். மனசு என்னவென்று எனக்கே தெரியவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று இருபத்தைந்தாவது ஆட்டம். நான்கு நாளாக விடாத மழை. முதலாளி முன் வரிசையில் தெரிந்தவர்களையெல்லாம் கூட்டி வந்து உட்கார்த்தியிருந்தார். திரை தூக்கக் கொஞ்ச நேரம் இருக்கையில் விசையைத் திருகினேன். நகரவில்லை. மரம் மழையில் ஊறி இறுகிப் பிடித்துக்கொண்டது. வரது ஒரு பக்கம் இழுக்க நான் ஒரு பக்கம் தள்ள, பெட்டி எங்கள் இருவரையும் பார்த்துச் சிரிப்பதுபோல் உட்கார்ந்திருந்தது. விரலும் ஐந்து, சத்தமும் ஐந்து. அதற்குள் மணி அடித்துத் திரையைத் தூக்கிவிட்டார்கள்.

அண்ணன் கிரீடத்தோடு வந்தார். வழக்கம்போல் என் விரலைப் பார்த்தார். ஐந்தில் வைத்தால் அவர் குரல் போகும், மூன்றில் வைத்தால் என் குட்டு வெளிப்படும். நான் எதிலும் வைக்காமல் கையை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முகமெல்லாம் வேர்வை. அவர் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெட்டி இல்லாமலே பாட்டை எடுத்தார். மூன்று கட்டை. நூல் பிசகாமல் மூன்று. முதல் அடி முடித்து, கை வீசுவதுபோல் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "மூணுல புடி தம்பி" என்றார்.

பிடித்தேன். எப்படிப் பிடித்தேன் என்று கேட்காதே. கண் மறைத்தது.

முடிந்ததும் முதலாளி உள்ளே ஓடி வந்தார். "இன்னிக்கு ஆறு கட்டையில பாடினாரு, பாத்தியா?" என்றார். இருபது வருஷமாகக் கட்டையைச் சொல்லியே டிக்கெட் விற்ற மனுஷருக்கு, கட்டை என்றால் என்னவென்றே தெரியாது அக்கா. அண்ணன் மீசையைப் பிய்த்துக்கொண்டே, "மூணு, முதலாளி. ஒரு வருசமா மூணுதான்" என்றார். முதலாளி கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். "எத்தினி கட்டையா இருந்தா இன்னா, ஜனங்க ஒன்ஸ்மோர் கேட்டாங்களா இல்லியா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் அண்ணன் காலைத் தொடப் போனேன். "வேஷம் கலையும், எந்திரி" என்றார். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டதற்கு, "உங்க அக்காவைக் கேளு" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கேட்கிறேன். சொல்.

யேசுராஜ்


சேசு மரி சூசை துணை

சேரப்பணஞ்சேரி
11-11-1967

அன்புத் தம்பிக்கு,

சுகம். ஐந்து மாதமாக அடைத்துக்கொண்டிருந்தது இறங்கியதில் இன்னும் சுகம். இரண்டு பேர் ரகசியத்தையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நீதி போதனை வகுப்பு எடுத்த கஷ்டம் எனக்குத்தான் தெரியும்.

அன்று சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, அவர் என்னிடம், "பெட்டியைத் துணி போட்டு மூடணும்னு நாட்டாமை சொன்னார், அது உங்க வேலைதானேம்மா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிரித்தார். "பயப்படாதீங்க. முதல் நாளே எனக்குத் தெரியும். பாட்டு என் தொண்டையிலேர்ந்துதானே வருது, தொண்டைக்குத் தெரியாதா?" என்றார்.

பிறகு ஏன் தினமும் அவன் விரலைப் பார்த்துத் தலையாட்டுகிறீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் இன்னும் அஞ்சு கட்டைன்னு என்னை நம்பவைக்கணும்னு உங்க தம்பிக்கு ஆசை. அதுக்காக மெட்டைப் பெருசு பெருசாப் போடறார். எனக்கு விஷயம் தெரியும்னு தெரிஞ்சா, பாவம் வயசானவர்னு மெட்டைச் சுருக்கிடுவார். இருபத்திரண்டு வருஷம் கழிச்சு இப்பத்தாம்மா அவர் கையிலேர்ந்து நிஜமான பாட்டு வருது. என்னாலே அது நிக்கக் கூடாது."

அதற்குத்தான் அழுதேன். தம்பியிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். நானும் வாக்குக் கொடுத்தேன். நீ அவர் மனம் நோகக் கூடாது என்று திருகினாய், அவர் உன் மெட்டு நோகக் கூடாது என்று தலையாட்டினார். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எனக்கு மறுபடியும் பாவசங்கீர்த்தனம். இந்தத் தடவை சாமியார் ஐந்து மந்திரம் கொடுத்தார்.

இருபத்தைந்து ஆட்டம் ஆகிவிட்டதே, நோட்டீஸ் என்ன ஆயிற்று? அதை எழுதாமல் விட்டுவிட்டாய்.

அக்கா,
சூசையம்மாள்


சேசு மரி சூசை துணை

ஏழுகிணறு, சென்னை
4-12-1967

அன்புள்ள அக்காவுக்கு, மாமாவுக்கு,

நான் ரொம்ப சுகம்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு அடுத்த நாடகத்துக்கு முதல் பாட்டுப் போட்டு அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "இன்னா தம்பி, பயந்துட்டியா?" என்றார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மெட்டு முழுவதும் நாலு சுரத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கிற மாதிரி போட்டிருக்கிறேன். அதை அங்கேயே கிழித்துப் போட்டேன். இரண்டு வாரம் உட்கார்ந்து வேறு போட்டேன். மூன்று கட்டையில்தான். ஆனால் கீழே அவர் குரலில் ஒரு கனம் இருக்கிறது. ஐந்து கட்டை நாளில் யாரும் அதைக் கேட்டதில்லை. அதில் தொடங்கி, குரல் தாங்குகிற மட்டும் மேலே கொண்டு போனேன். அவர் பாடிவிட்டுத் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "இது எனக்கு இருக்கட்டும்" என்றார்.

நோட்டீஸ் விஷயம். முதலாளியிடம் நினைவுபடுத்தினேன். பழைய நோட்டீஸை விரித்துக் காட்டி, "எடம் எங்க கீது, நீயே பாரு" என்றார். அண்ணன் பக்கத்தில் இருந்தார். பென்சிலை வாங்கி, தன் பெயருக்கு முன்னால் இருந்த 'ஐந்து கட்டை' என்பதைக் கொட்டை எழுத்தோடு அடித்தார். "தா, இவ்ளோ எடம் கீது. தம்பி பேரைப் போடுங்க" என்றார்.

புது நோட்டீஸ் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். மேலே 'தாண்டவராயன்', வெறும் தாண்டவராயன். அதற்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 'இசை: சேரப்பணஞ்சேரி யேசுராஜ்'. ஊர்ப் பெயரை நான்தான் சேர்க்கச் சொன்னேன். அப்பா தேடி வந்தது படப்பை வரைதானே. இது அதையும் தாண்டி வீட்டுக்கே வந்து சேரட்டும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி.

உன் தம்பி,
யேசுராஜ்

பின்குறிப்பு: லாசர் இங்கே வந்திருந்தார், அடுத்த திருவிழாவுக்கும் எங்களையே கேட்டு. பட்டு இல்லாமல் வாசிக்கிறேனே என்றேன். முறைத்துப் பார்த்து, "பரம்பரையா இருக்கிற வழக்கத்தை நாங்க மாத்த மாட்டோம்" என்றார்.